விஷம் போன வழி

(கருங்கலில் விவசாயத் தொழிலாளர்களும், முந்திரி ஆலை, செங்கல் சூளைத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கருங்கல் சந்தைப் பக்கத்தில் நின்றுகொண்டு இவன் ஏன் சென்னைப் பட்டணத்துக் கால்வாயைப் பற்றிப் பேச வந்தான் என்று சிலர் நினைக்கக்கூடும். கூலியைப் பற்றிப் பேசட்டும், ரேஷனைப் பற்றிப் பேசட்டும், எண்ணூர் சேறு நமக்கெதற்கு? காரணம் இருக்கிறது. எண்ணூருக்கு நேர்ந்தது நம் கடலோரத்துக்கு நேரக்கூடாது என்றால், எண்ணூரில் விஷம் எந்த வழியாக நடந்தது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் சென்னையை வெள்ளக்காடாக்கியது. வடசென்னையில் மணலி என்று ஓர் இடம். அங்கே சென்னைப் பெட்ரோலியக் கழகத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. 1965-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் ஆரம்பித்த கம்பெனி. அதன் வளாகத்தில் கிடந்த எண்ணெய்க் கழிவு மழைவெள்ளத்தோடு கலந்து பக்கிங்காம் கால்வாயில் இறங்கியது. கால்வாயிலிருந்து கொசஸ்தலை ஆறு, ஆற்றிலிருந்து எண்ணூர் முகத்துவாரம், முகத்துவாரத்திலிருந்து கடல். காட்டுக்குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் ஜனங்கள் விடிந்து பார்த்தால் படகு கறுப்பு, வலை கறுப்பு, வீட்டுச் சுவர் கறுப்பு.

எங்கள் குழாயில் கசிவே இல்லை என்று கம்பெனி முதலில் சாதித்தது. பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் போய்ப் பார்த்து, ஆலை வளாகத்தில் மழைநீரை ஒழுங்காகக் கையாளாததால்தான் எண்ணெய் வெளியேறியது என்று சொல்ல வேண்டியதாயிற்று. அதற்குள் நாட்கள் ஓடிவிட்டன. எண்ணெய் காத்திருக்குமா?

யார் வாரினார்கள் அந்த எண்ணெயை? மீனவர்களே வாரினார்கள். குவளையாலும் வாளியாலும் கையாலும் மொண்டார்கள். கையுறை இல்லாமல், முகமூடி இல்லாமல் இறங்கினவர்கள் எத்தனையோ பேர். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் இதே கதைதான், இதே வாளிதான். ஆறு வருஷம் கழித்தும் வாளி மாறவில்லை! ராக்கெட் விடுகிற தேசத்தில் எண்ணெய் அள்ள வாளி. சர்க்கார் 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாயும் நிவாரணம் அறிவித்தது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மேலே மிதந்த எண்ணெயை அள்ளிய மறுநாளே வேலை முடிந்ததாகப் பேசுகிறார்களே, அதைத்தான் கேட்கிறேன். அலையாத்தி வேரைப் பற்றிய எண்ணெய் எங்கே? சேற்றில் இறங்கியது எங்கே?

அண்டி ஆபீஸில் வேலை செய்கிற தாய்மார்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. முந்திரித் தோட்டின் எண்ணெய் விரலில் பட்டால் என்ன ஆகும்? தண்ணீரில் கழுவினால் போகுமா? தோலோடு ஒட்டிக்கொண்டு தோலையே உரிக்கும். சேறும் அப்படித்தான் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடுத்த வெள்ளத்தில் சேறு புரளும்போது திரும்பக் கொடுக்கும்.

இது கண்ணுக்குத் தெரிந்த விஷம். தெரியாத விஷம் இன்னும் மோசம். எண்ணூருக்குத் தெற்கே, துறைமுகத்தை ஒட்டிய தண்டையார்பேட்டையில் 2013-ல் வீட்டுக் குழாய்க் கிணறுகளில் தண்ணீரோடு எண்ணெய் வந்தது. துறைமுகத்திலிருந்து எண்ணெய்க் கிடங்குக்குப் போகிற பாரத் பெட்ரோலியத்தின் பூமிக்கடிக் குழாயில் கசிவு. குழாய் எங்கே ஓடுகிறது என்று மேலே குடியிருந்தவனுக்குத் தெரியாது. கசிந்தது எந்தப் பக்கம் போயிற்று என்று யாருக்குமே தெரியாது. விவகாரம் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போயிற்று, சென்னை ஐ.ஐ.டி. விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள்.

பூமிக்கடியில் போன விஷத்தை எப்படிப் பின்தொடர்வது? இதிலே மந்திரம் ஒன்றுமில்லை, தோழர்களே. நிலத்தடி நீர் தேங்கி நிற்கவில்லை, நகர்கிறது. சில இடத்தில் வருஷத்துக்குச் சில அடி, மணற்பாங்கான இடத்தில் அதைவிட வேகம். உயரத்திலிருந்து பள்ளத்துக்குத்தான் போகும். ஆனால் மேலே நிலம் சாய்கிற பக்கமே கீழேயும் தண்ணீர் சாயும் என்று நம்பி ஏமாறக்கூடாது. கொத்தனார் டியூபில் தண்ணீர் விட்டு மட்டம் பிடிப்பாரல்லவா? அந்த வேலைதான். ஒரு நேர்கோட்டில் இல்லாத மூன்று கிணறுகளை எடுத்துக்கொள். ஒவ்வொன்றின் வாய்க்கட்டும் கடல் மட்டத்துக்கு எவ்வளவு உயரம் என்று அளந்துகொள். வாயிலிருந்து தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று ஒரே நாளில் கயிறு விட்டுப் பார். உயரத்திலிருந்து ஆழத்தைக் கழித்தால் அந்தந்தக் கிணற்றில் தண்ணீரின் உண்மையான மட்டம் கிடைக்கும். எங்கே மட்டம் கூடுதலோ அங்கிருந்து, எங்கே குறைவோ அங்கே தண்ணீர் போகிறது. மூன்று கிணறு திசையைச் சொல்லும். முப்பது கிணறு விஷத்தின் படத்தையே வரைந்து கொடுக்கும். அந்தப் படத்தின் ஓரத்தில் புதிதாகச் சில கண்காணிப்புக் கிணறு தோண்டி, மாதந்தோறும் தண்ணீர் எடுத்துச் சோதித்தால், விஷம் முன்னேறுகிறதா, நிற்கிறதா, பின்வாங்குகிறதா என்று தெரியும்.

கடற்கரை நிலத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. கடல் ஏறும்போது நிலத்தடி நீரைத் தள்ளும், வற்றும்போது இழுக்கும். ஒரு நாளில் இரண்டு தடவை. காலையில் ஒரு அளவு எடுத்துவிட்டு இதுதான் திசை என்று ரிப்போர்ட் எழுதுகிறவன் ஊரை ஏமாற்றுகிறான். அதோடு பக்கத்தில் ஒரு பெரிய ஹோட்டலோ கம்பெனியோ ராப்பகலாக மோட்டார் போட்டு இறைத்தால், விஷம் அந்தப் பக்கம் திரும்பி ஓடும். வழியில் இருக்கிற குடிசைக்காரன் கிணறு அதற்குப் பலியாகும்.

எல்லா விஷமும் ஒரே நடை நடப்பதில்லை. பெட்ரோலும் டீசலும் தண்ணீருக்கு மேலே மிதந்து போகும். அதன் ஆவி மண்ணைத் துளைத்து வீட்டுத் தரைவரைக்கும் ஏறும். அந்த ஆவியில் இருக்கிற பென்சீன் ரத்தப் புற்றுநோய் கொடுப்பது. உலோகத்தைக் கழுவ உபயோகிக்கும் சில திரவங்கள் தண்ணீரைவிடக் கனம். அடிப்பாறைவரை இறங்கி, பாறை சாய்கிற பக்கம் போகும், தண்ணீர் எந்தப் பக்கம் போனாலும் சரி. வடசென்னை அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய் உடைந்து கொசஸ்தலை ஆற்றில் கொட்டியபோது, அது கரையவில்லை, படிந்தது. ஆற்றின் ஆழத்தையே தின்றது. தோல், சாயத் தொழிலுக்கு வேண்டிய குரோமியம் சரக்கு செய்த ஆலை ஒன்று ராணிப்பேட்டையில், பாலாற்றுக்கு அருகே இருந்தது. தமிழ்நாடு குரோமேட்ஸ் என்று பெயர். 1970-களில் ஆரம்பித்து 1990-களில் மூடிவிட்டுப் போனார்கள். ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத கழிவு மலையைப் போல் கிடந்தது. குரோமியத்தில் ஒரு வகை மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். இன்னொரு வகை தண்ணீரில் கரைந்து வேகமாக ஓடும், விஷமும் அதற்குத்தான் அதிகம். மழை பெய்தால் அங்கே மஞ்சள் தண்ணீர் வழிந்தது. முதலாளி கதவைப் பூட்டியதும் கணக்கை முடித்துவிட்டான், மஞ்சள் தண்ணீர் கணக்கை முடிக்கவில்லை. 2006-ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகத்திலேயே மோசமாகக் கெட்டுப்போன 10 இடங்களில் ஒன்றாக ராணிப்பேட்டையைக் குறித்தது.

பாதரசத்தின் நடை வேறு. கொடைக்கானலில் ஒரு தெர்மாமீட்டர் ஆலை. முதலில் பாண்ட்ஸ், பிறகு இந்துஸ்தான் லீவர். பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடியைப் பழைய சாமான் கடையில் போட்டது அம்பலமாகி 2001-ல் ஆலை மூடிற்று. ஆலையிலிருந்து தண்ணீர் ஓடுவது பாம்பாறு சோலைப் பக்கம். அப்படியானால் கொடைக்கானல் ஏரிக்கு ஆபத்தில்லை என்றுதானே யாரும் சொல்வார்கள்? அணுசக்தித் துறை விஞ்ஞானிகள் அதை நம்பிவிடவில்லை. ஏரியின் தண்ணீரை எடுத்தார்கள், சேற்றை எடுத்தார்கள், மீனை எடுத்தார்கள். அதே மலையில் தூரத்திலுள்ள பேரிஜம் ஏரியிலும் குக்கல் ஏரியிலும் எடுத்தார்கள். ஒப்பிட்டார்கள். கொடைக்கானல் ஏரியில் பாதரசம் கூடுதல். காற்றில் ஆவியாகப் போய் ஏரியில் இறங்கியிருக்கிறது! தண்ணீர் போகும் பாதையை மட்டும் பார்த்திருந்தால் இது அகப்பட்டிருக்காது. ஒப்பிடுவதற்குக் கெடாத இரண்டு ஏரிகள் இல்லாவிட்டால் இது இயற்கை என்று சொல்லியே தப்பியிருப்பார்கள். இந்த விஷயத்தை மனதில் வையுங்கள், நம் ஊருக்கு வரும்போது வேண்டும். அங்கேயும் மண்ணை எவ்வளவு சுத்தம் செய்வது என்பதில் பெரிய தகராறு. கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் மண்ணில் மிஞ்சலாம் என்று நிர்ணயித்தார்கள். வெள்ளைக்காரன் தன் நாட்டில் குடியிருப்பு நிலத்துக்கு இதை ஒத்துக்கொள்வானா என்று தொழிலாளிகளும் ஊராரும் கேட்டார்கள். முன்னாள் தொழிலாளர் 591 பேர் 15 வருஷம் போராடி 2016-ல்தான் கம்பெனியை ஒப்பந்தத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

இங்கே ஆலைத் தொழிலாளித் தோழர்களிடம் ஒன்று பேச வேண்டியிருக்கிறது. ஆலையால் விஷம் என்று சொன்னவுடன் முதலாளி உங்களைக் காட்டிப் பயமுறுத்துவான். திருப்பூரைப் பாருங்கள். சாயக் கழிவு நொய்யலில் ஓடி, 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, பாசன அணை விஷக் குட்டையாயிற்று. கீழே இருந்த விவசாயி நிலம் உப்பாயிற்று. 2011 ஜனவரி 28-ல் ஹைகோர்ட்டு சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள். தெருவுக்கு வந்தது யார்? சாயத் தொழிலாளி. அவனுக்கு வேலை போயிற்று, இவனுக்கு நிலம் போயிற்று, ஏற்றுமதியில் லாபம் எடுத்தவன் இரண்டு பேரையும் மோதவிட்டு வேடிக்கை பார்த்தான்.

ஜப்பானில் மினமாட்டா என்று ஒரு கடலோரப் பட்டணம். சிஸ்ஸோ என்ற கம்பெனி பாதரசக் கழிவைக் குடாவில் விட்டது. மீனைத் தின்ற பூனைகள் ஆடி ஆடிச் செத்தன. பிறகு மனிதர்களுக்குக் கைகால் விளங்காமல் போயிற்று. இந்த நோய் அதிகார பூர்வமாகப் பதிவான தேதி என்ன தெரியுமா? 1956 மே 1, மே தினம்! குடாவில் கண்டனம் எழும்பியதும் கம்பெனி 1958-ல் என்ன செய்தது? கழிவு விடுவதை நிறுத்தவில்லை, வாய்க்காலைத் திருப்பி ஆற்று முகத்தில் விட்டது. சில மாதத்தில் அந்தப் பக்கத்துக் கிராமங்களிலும் நோயாளிகள்! விஷம் இன்னாருடையது என்று கம்பெனியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆயிற்று. ஆலை ஆஸ்பத்திரியின் டாக்டர் ஹொசொகாவா 1959-ல் கழிவுநீரைப் பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். 400-வது பூனைக்கு அதே நோய் வந்தது. கம்பெனி அந்த உண்மையை அமுக்கியது. சர்க்கார் காரணத்தை ஒப்புக்கொண்டது 1968 செப்டம்பரில். பன்னிரண்டு வருஷம்!

அதற்கு ஒரு மாதம் முன்னால், 1968 ஆகஸ்டில், சிஸ்ஸோ ஆலையின் தொழிற்சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. கூலிக்காகக் கம்பெனியோடு நீண்ட போராட்டம் நடத்தி அடிபட்ட சங்கம் அது. நம் ஆலையின் விஷத்தால் விழுந்த ஜனங்களுக்காக இதுவரை நாம் போராடாமல் இருந்தது வெட்கக்கேடு, இனி அவர்களோடு நிற்போம் என்று பகிரங்கமாகச் சொன்னது. எந்தக் குழாயில் எது போகிறது என்று தெரிந்தவன் தொழிலாளி. அவன் வாய் திறந்தால் எந்த ரிப்போர்ட்டும் பொய் சொல்ல முடியாது. திருப்பூரில் சாயத் தொழிலாளியும் நொய்யல் விவசாயியும் ஒரே மேடையில் ஏறி, வேலையும் வேண்டும், தண்ணீரும் வேண்டும், செலவை லாபத்திலிருந்து எடு என்று கேட்டிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

மினமாட்டாக் குடாவைச் சுத்தம் செய்ததும் படிக்க வேண்டிய பாடம். சேறு கிலோவுக்கு 25 மில்லிகிராமும் அதற்கு மேலும் பாதரசம் கொண்ட இடங்களையெல்லாம் வரைபடம் போட்டார்கள். 1977-ல் வேலை ஆரம்பித்தது. உடனே ஜனங்கள் கோர்ட்டுக்குப் போனார்கள்: சேற்றைக் கிளறினால் விஷம் வெளிக்கடலுக்குப் போகாதா? வேலை நின்றது. 1980-ல்தான் மறுபடி தொடங்கி 1990-ல் முடிந்தது. ஏறக்குறைய 15 லட்சம் கனமீட்டர் சேற்றைக் கையாண்டு, 58 ஹெக்டேர் குடாவைத் தூர்த்து மூடினார்கள். மீன் வெளியேறாமல் குடாவின் வாயில் போட்ட வலையை 1997-ல்தான் எடுத்தார்கள். ஜனங்கள் கேட்ட கேள்வி சரியான கேள்வி. சுத்தம் செய்கிறேன் என்று கிளறுவதே விஷத்தை நடக்க வைக்கும். தோண்டின மண்ணைத் தார்ப்பாய் மூடாமல் லாரியில் ஏற்றினால் தூசியாகப் பறக்கும். லாரி எந்த ஊர்ப் பள்ளத்தில் போய்க் கொட்டுகிறதோ அந்த ஊர்க் கிணற்றில் மறுபடி ஆரம்பிக்கும். ஆகவே லாரியின் நம்பரும், ஏற்றிய டன்னும், இறக்கிய இடமும் எழுதின புத்தகமும் விஷத்தின் தடத்தைக் காட்டுகிற சாட்சிதான். ராத்திரியில் ஓடுகிற லாரிக்கு அந்தப் புத்தகம் இருக்காது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். பக்கிங்காம் கால்வாயைப் போல் நமக்கும் ஒரு கால்வாய் உண்டு: ஏ.வி.எம். கால்வாய். படகு போன கால்வாய், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கமெல்லாம் தூர்ந்து சாக்கடையாகிக் கிடக்கிறது. கடலோரத்தில் கொட்டுகிற எதுவும் நடந்து போக வழி தயாராக இருக்கிறது என்று அர்த்தம். மணவாளக்குறிச்சியில் அபூர்வ மணல் கம்பெனி, சர்க்கார் கம்பெனி, வெகுகாலமாக வேலை செய்கிறது. அதற்காக நம் கிள்ளியூர் தாலுகாக் கடலோரத்தில் கீழ்மிடாலம், மிடாலம், இனையம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு கிராமங்களில் 1,144 ஹெக்டேர் நிலத்தில் மணல் எடுக்கத் திட்டம் போட்டார்கள். 2024 அக்டோபர் 1-ல் பத்மநாபபுரத்தில் நடத்துவதாயிருந்த கருத்துக் கேட்பு, ஜனங்களின் எதிர்ப்புக்கு முன் தள்ளிப்போயிற்று. பொதுத்துறை நம் சொத்து, அதைத் தனியாருக்கு விற்காதே என்று போராடுகிறவர்கள் நாம்தான். நம் சொத்து என்பதாலேயே, அதன் கணக்கைக் கேட்கிற உரிமையும் நமக்குத்தான் முதலில்.

நம் கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது. அதில் தோரியம். அதன் கதிர்வீச்சு ஆலை வருவதற்கு முன்பே இயற்கையில் இருப்பது. இங்கேதான் சூட்சுமம். நாளைக்கு ஒரு கிணற்றில் ஏதாவது கூடினால், அது முன்பே இருந்தது, இயற்கை என்பார்கள். கூடிற்றா என்று சொல்ல, முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரிய வேண்டும். பேரிஜம் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆகவே ஒரு மண்வெட்டி மணல் எடுக்கிற பேச்சு வருவதற்கு முன்பே, சம்பந்தப்பட்ட எல்லாக் கிராமங்களிலும் கிணற்று நீரின் மட்டம், உப்பு, கதிர்வீச்சு எல்லாம் அளக்கப்பட வேண்டும். அளக்கிற விஞ்ஞானி கம்பெனியின் சம்பளக்காரராக இருக்கக்கூடாது. முடிவு தமிழில் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டப்பட வேண்டும். கடலுக்கும் கிணற்றுக்கும் நடுவில் இருக்கிற மணல்மேடுதான் நல்ல தண்ணீரைத் தாங்குகிறது. அதை எடுத்தால் உப்பு எவ்வளவு தூரம் உள்ளே நடக்கும் என்ற கணக்கையும் முதலிலேயே வைக்க வேண்டும்.

சர்க்கார் அளக்கும்வரை நாம் சும்மா இருக்க வேண்டுமா? வேண்டாம். ரசாயனச் சோதனைக்குக் கூடம் வேண்டும், மட்டம் பார்க்கக் கூடம் வேண்டாம். கிராமத்துக்குப் பத்துக் கிணறு எடுத்துக்கொள்வோம். கடலிலிருந்து வரிசையாக உள்ளே வரும்படி தேர்ந்தெடுப்போம். இடவப்பாதி மழைக்கு முன்னும் பின்னும், ஐப்பசி மழைக்கு முன்னும் பின்னும், வருஷத்தில் நாலு தடவை, கயிற்றில் கல் கட்டி மட்டம் பார்க்க வேண்டும். மீனவத் தோழர்களிடம் கேட்டு, கடல் ஏறின நேரமா வற்றின நேரமா என்றும் குறிக்க வேண்டும். தண்ணீரின் நிறம், மணம், கரிப்பு எழுத வேண்டும். கதம்பை அழுகப்போட்ட குளம் பக்கத்தில் இருந்தால் அதையும் எழுதுங்கள், மறைக்காதீர்கள்; கறுத்த தண்ணீரும் நாற்றமும் எதனால் என்று பிறகு தகராறு வரக்கூடாது. பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளைகள் நோட்டுப் போடட்டும். ஒரு பிரதி சங்கத்தில், ஒரு பிரதி ஊரில் இருக்கட்டும். கிணற்றின் பெயரை எழுதும்போது எந்த வீட்டுக்காரருடையது என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாமல், அதில் எத்தனை வீட்டார் தண்ணீர் கோருகிறார்கள் என்றும் பக்கத்திலேயே எழுதுங்கள்.